மைக் செட்டும் மோக் கருவியும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேச்சு நடையை அதிகம் திருத்தாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் போன் பண்ணி, "அண்ணே, இசையைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்றார். சரி என்றேன். "பாட்டு உண்டா?" என்று கேட்டார். இல்லை. எனக்குப் பாட வராது. நான் இங்கே படித்தது இயற்பியல். முப்பது வருஷத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்டது ஒலிப்பதிவுத் தொழில். மற்றவர்கள் பாடும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஊசி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆகவே இசையைப் பற்றி என்றால், ஒலியைப் பிடித்து வைத்து அதைக்கொண்டே செய்கிற இசையைப் பற்றித்தான் என்னால் பேச முடியும். அதற்கு எலக்ட்ரோ அகூஸ்டிக் இசை என்று பெயர். வாத்தியத்தில் பிறக்கும் ஒலியும் மின்சாரத்தில் பிறக்கும் ஒலியும் சேர்ந்து செய்வது.

பேச்சில் ஒரு உள்நோக்கமும் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்க நிதியில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. என்ன செய்யலாம் என்று செயற்குழுவில் இரண்டு யோசனை. ஒன்று, கல்லூரி வாசலில் நுழைவு வளைவு. இன்னொன்று, அடுத்த வருஷக் கூடுகைக்குச் சென்னையிலிருந்து பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. நான் மூன்றாவதாக ஒன்று சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் கடைசியில் கை தூக்கலாம்.

நம்ம ஊர் சிரசுத் திருவிழாவில் இருந்தே ஆரம்பிக்கிறேன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது பம்பையும் மேளமும் ஒரு பக்கம், கம்பத்துக்குக் கம்பம் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒரு பக்கம். யாராவது ஒருத்தர் மைக்கைக் கையில் வாங்கி ஸ்பீக்கருக்கு நேராகப் போய் நிற்பார். "ஊய்ங்..." என்று ஒரு ஊளை கிளம்பும். மைக் செட்காரர் அங்கிருந்து, "இன்னாபா, தள்ளி நில்லுபா!" என்று கத்துவார். நம் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. ஸ்பீக்கரில் வந்த ஒலி மைக்கில் போய், மைக்கில் போனது இன்னும் பெருகி ஸ்பீக்கரில் வந்து, அது மறுபடி மைக்கில் போய், இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதுதான் அந்த ஊளை. பின்னூட்டம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மைக் செட்காரருக்கு அது தொல்லை. ஆனால் அந்த ஊளையையே பழக்கி, குரல் மாற்றி, ஏற்றி இறக்கி, ஒரு வாத்தியம் போல நடத்தியவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் டேவிட் ட்யூடர். 1926-இல் பிலடெல்பியாவில் பிறந்து 1996-இல் காலமானவர். அடிப்படையில் பியானோ கலைஞர். அவர் நம் நாட்டுக்கு வந்து தங்கிய கதைதான் இன்றைய என் விஷயம்.

அதற்கு முன்னால் ரயிலைப் பற்றி இரண்டு வார்த்தை. 1948-இல் பாரிஸில் பியர் ஷெஃபர் என்ற வானொலிப் பொறியாளர், பதிவுக் கருவியோடு பாட்டிஞோல் ரயில் நிலையத்துக்குப் போனார். இஞ்சின் மூச்சு விடுவது, சக்கரம் தண்டவாள இணைப்பில் தட்டுவது, விசில் எல்லாவற்றையும் பதிவு செய்தார். அப்போது அவர் கையில் நாடாகூட இல்லை, இசைத்தட்டில்தான் பதிவு. ஒரு பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டால் ஊசி அதே இடத்தில் சுற்றும், ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். அப்படிச் சுற்றவிட்டு, வேகத்தை மாற்றி, அடுக்கி, ரயில் ஒலியாலேயே ஒரு இசை செய்தார். அந்த வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதி அது வானொலியில் ஒலிபரப்பானது. அடுத்த சில வருஷங்களில் ஜெர்மனியில் கொலோன் வானொலியில் வேறொரு கூட்டம், வெளி ஒலியே வேண்டாம், ஆஸிலேட்டரில் பிறக்கும் சுத்தமான ஒலி போதும் என்று கிளம்பியது. நம்ம இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அலைவரிசை அளக்க வைத்திருந்த அதே ஆஸிலேட்டர்தான்! அதை வைத்து நாங்கள் ரீடிங் எடுத்து ரெக்கார்டு நோட்டு நிரப்பினோம், அவர்கள் இசை எழுதினார்கள்.

நாற்பது வருஷம் கழித்து, 1988-இல், ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 'டிஃபரென்ட் ட்ரெயின்ஸ்' என்று ஒன்று எழுதினார். இதிலும் ரயில்தான். நாலு பேர் வயலின், வியோலா, செல்லோ வாசிக்க, கூடவே நாடாவில் சாதாரண மனிதர்களின் பேச்சு வரும். அவரை வளர்த்த ஆயா, ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், நாஜி முகாமுக்கு ரயிலில் கொண்டுபோகப்பட்டு உயிர் பிழைத்தவர்கள். அவர்கள் பேசும்போது குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ அதையே ஸ்வரமாக எழுதி வயலின்காரர்கள் வாசிப்பார்கள். யாரும் பாடமாட்டார்கள். ஆனால் பேச்சுக்குள் ஒரு ராகம் இருப்பது கேட்கக் கேட்கத் தெரிந்துவிடும். வேலூர் பஸ்ஸில் நம்ம ஜனங்க பேசுறதை ஒரு நாள் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்க, புரியும். அதை வாசிப்பதற்காகவே எழுதப்பட்ட குழு, குரோனஸ் குவார்ட்டெட். டேவிட் ஹாரிங்டன் 1973-இல் சியாட்டலில் தொடங்கியது. முதன்முதலில் ஒரு இசையமைப்பாளரிடம் புதிதாக எழுதி வாங்கியபோது, அவருக்குக் கொடுத்த சன்மானம் ஒரு பை டோநட்! நம்ம கணக்கில் ஒரு பொட்டலம் வடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது மாதிரிக் குழுக்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டுத் தங்க வைக்கின்றன. ரெசிடென்சி என்பார்கள். ஒரு கச்சேரி பண்ணிவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கிற விஷயம் கிடையாது. சில வாரமோ ஒரு வருஷமோ வளாகத்திலேயே இருந்து, மாணவர்கள் எழுதிக் கொண்டுவருவதை வாசித்துக் காட்டி, எது வாத்தியத்தில் நடக்கும் எது நடக்காது என்று சொல்லி, கூடவே தாங்களும் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டு போவார்கள். இது நமக்கு ஒன்றும் அந்நியமான ஏற்பாடு இல்லை. நம்ம வடாற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் கூத்து ஜமா வந்து பல நாள் தங்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. சில ஊரில் கூத்து வாத்தியாரைக் கூட்டி வந்து மாசக்கணக்கில் வைத்து ஊர்ப் பையன்களே ஆடக் கற்றுக்கொள்வார்கள். வாத்தியார் போன பிறகும் ஊரில் ஆட்டம் இருக்கும். அதுதான் தங்குவதன் பலன்.

இப்போது அகமதாபாத்துக்கு வருகிறேன்.

1946-இல் கீதா சாராபாய் என்ற இளம்பெண் நியூயார்க்குக்குப் போனார். அகமதாபாத்தின் புகழ்பெற்ற ஆலை முதலாளிக் குடும்பம், விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி. பக்காவஜ் வாசிப்பவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் பக்காவஜைத் தொட்டதே பெரிய விஷயம். மேற்கத்திய இசை நம் இசையின் மேல் வந்து கவிழ்கிறதே, அது என்னவென்று தெரிந்துகொண்டால்தானே பதில் சொல்லலாம் என்று படிக்கப் போனார். அங்கே ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரைச் சந்தித்தார். கேஜ் பணம் கேட்கவில்லை. நான் உனக்கு எங்கள் இசையைச் சொல்லித் தருகிறேன், நீ எனக்கு உங்கள் இசையைச் சொல்லிக் கொடு என்று ஒப்பந்தம். சில மாதம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வாத்தியார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனதை அடக்கி அமைதிப்படுத்துவதற்காக என்று தன் குரு சொன்னதை கீதா சொன்னார். ஊர் திரும்பும்போது ராமகிருஷ்ணரின் உபதேச நூலைக் கேஜுக்குப் பரிசாகக் கொடுத்தார். கேஜ் அதற்குப் பிறகு ஆள் மாறிப்போனார் என்றே சொல்லலாம். அந்தச் சமயத்தில் அவர் இன்னொருவரையும் விடாமல் படித்துக்கொண்டிருந்தார். ஆனந்த குமாரசுவாமி. 1877-இல் கொழும்பில் பிறந்தவர், தந்தை சர் முத்து குமாரசுவாமி, நம்ம தமிழர். குமாரசுவாமி எழுதிய ரசக் கோட்பாட்டைப் படித்துவிட்டுத்தான், ஒன்பது ரசங்களையும் மனதில் வைத்து, பியானோ கம்பிகளுக்கு இடையில் போல்ட், திருகாணி, ரப்பர் எல்லாம் செருகி வாசிக்கும் ஒரு பெரிய தொகுப்பை கேஜ் 1946 முதல் 1948 வரை எழுதினார். ஆக, உலகமே 'அல்ட்ரா மாடர்ன்' என்று சொன்ன இசையின் அடியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மகனின் எழுத்தும் ஒரு குஜராத்திப் பெண்ணின் பக்காவஜும் இருக்கின்றன. இதை இங்கே எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

1964-இல் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவோடு கேஜும் ட்யூடரும் இந்தியா வந்தார்கள், அகமதாபாத்தில் சாராபாய் குடும்பம் உபசரித்தது. பழக்கம் தொடர்ந்தது. அதே அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியிருந்தது. கீதாவின் கூடப்பிறந்த கௌதம், கிரா இருவர்தான் அதை உருவாக்கி நடத்தியவர்கள். 1969-இல் அங்கே ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. நடுநாயகமாக ஒரு மோக் சிந்தசைசர். மூக்கு இல்லை தம்பி, மோக்! ராபர்ட் மோக் என்ற அமெரிக்கப் பொறியாளர் செய்த கருவி. அதை நிறுவி, ஓட்டிக் காட்டி, ஆட்களைப் பழக்குவதற்கு டேவிட் ட்யூடர் வந்து தங்கினார்.

அந்தக் கருவி எப்படி வேலை செய்யும் என்று இயற்பியல் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், மற்றவர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்க. ஒரு பெரிய பலகை, நிறைய ஓட்டை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு மாதிரி ஒயர். அதே தோற்றம். ஆஸிலேட்டர் ஒலியைப் பிறப்பிக்கும். ஃபில்டர் அதன் கூர்மையைச் செதுக்கும். இன்னொரு பெட்டி, ஒலி எவ்வளவு வேகத்தில் எழும்பி எப்படி அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும். எல்லாவற்றையும் நடத்துவது மின்னழுத்தம். அழுத்தத்தைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். இதில்தான் நமக்கு விஷயம் இருக்கிறது. மின்னழுத்தத்துக்குக் கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை கிடையாது. ஸட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு வழுக்கிக்கொண்டே போகலாம், நடுவில் எங்கே வேண்டுமானாலும் நின்று அசைக்கலாம். ஆர்மோனியம் ரொம்ப நாளாக நம் சங்கீதத்தில் சண்டை கிளப்பியதற்குக் காரணம் அதில் கமகம் வராது என்பதுதான். இந்தக் கருவியில் கமகம் வரும். அமெரிக்காவில் 1968-இல் இதே மோக்கை வைத்து பாக் இசையை வாசித்து இசைத்தட்டு போட்டுப் பெரிய பேர் வாங்கினார்கள். பழைய பாட்டைப் புதுப் பெட்டியில் வாசித்தது அது. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை.

அகமதாபாத்தில் நடந்தது வேறு மாதிரி. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா. இந்த ஐந்து பெயரையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ட்யூடர் போன பிறகு இந்த ஐந்து பேரும் அந்தக் கருவியின் முன்னால் உட்கார்ந்து தாங்களே செய்தார்கள். மாத்தூரின் ஒரு படைப்புக்கு 'என் பறவைகள்' என்று பெயர். இன்னொன்றுக்கு 'ஒரு காலத்தில் நான் தம்பூரா வாசித்தேன்'. தலைப்பிலேயே ஒரு கதை இருக்கிறது, பாருங்கள். ஜோஷிபுரா சின்னப் பையன், அவருடைய தலைப்பு 'ஸ்பேஸ் லைனர் 2001'. சந்திரனில் மனுஷன் கால் வைத்த வருஷம் அது, பையன் மனசு எங்கே போகும்? சர்மா 'நடன இசை' என்று சில துண்டுகள் செய்தார். 1970-இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சிக்காகவும் அங்கே ஒலிகள் தயாராயின.

நான் இவற்றை ஹெட்போனில் கேட்டபோது என் வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. தொழில் காதோடு கேட்டேன், நாடா இரைச்சல் எவ்வளவு, எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று. சில துண்டுகள் வெறும் பழகிப் பார்த்தல்தான், உள்ளதைச் சொல்ல வேண்டும். சிலது அப்படியே நிற்க வைத்துவிட்டது. சுருதிக்குப் பழகிய காது உள்ளவர்கள் செய்தது என்பது தெரிகிறது, ஒரு ஒலியை அவசரப்படாமல் நிறுத்தி வைத்துக் கேட்கிற பொறுமை.

கிடைத்திருக்கிற நாடாக்கள் எல்லாம் 1969-க்கும் 1972-க்கும் இடைப்பட்டவை. அதற்கப்புறம் அந்தக் கூடம் அடங்கிவிட்டது. நாடாக்கள் அந்த நிறுவனத்தின் ஆவணங்களுக்குள் கிடந்தன. 2017-இல் பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர், இந்திய வம்சாவளிக்காரர், தேடி வந்து எடுத்தார். 2020-இல் பி.பி.சி. வானொலியில் நிகழ்ச்சி செய்தார். 2023-இல் இசைத் தொகுப்பாக வெளிவந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்! இந்த ஐம்பது வருஷத்தில் இந்தியாவில் எத்தனையோ ஆயிரம் பேர் கீபோர்டு வாங்கினார்கள். நம் தமிழ்நாட்டில் கணினி இசை என்றால் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா செய்ததைத்தான் ஆரம்பம் என்கிறோம். அதில் வேலை செய்த திலீப் என்ற இளைஞர்தான் பின்னால் ஏ.ஆர். ரஹ்மான். அது பெரிய சாதனை. ஆனால் அதற்குப் பதினேழு வருஷம் முன்னாலேயே இந்த நாட்டில் ஒரு கூடம் இருந்தது, அது யாருக்கும் பாடமாகப் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் என்னை மாதிரி இயற்பியல் படித்த ஒரு குடியாத்தத்துப் பையனுக்கு 1970-களில் ஆஸிலேட்டரின் இன்னொரு முகம் தெரிந்திருக்கும்.

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். நான் ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது, புது நாடா வாங்கப் பணம் இல்லை என்று பழைய ஸ்பூல்களை அழித்து அதன்மேலேயே பதிவு செய்யச் சொன்னார்கள். கிராமத்துப் பாட்டிகள் பாடிய நடவுப் பாட்டு, கும்மி எல்லாம் அதில் போனது. எழுதிக் கொடுத்தேன், நேரில் சொன்னேன், கேட்கவில்லை. அதனால்தான் அகமதாபாத்தில் யாரோ ஒரு பெயர் தெரியாத ஊழியர் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் விட்டதை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

சரி, குடியாத்தத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முன் வரிசையில் ஒரு நண்பர் முகத்திலேயே கேட்கிறார். இருக்கிறது. நம்ம பகுதி தோல் பகுதி. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் முழுக்கத் தோல். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், தோலைப் பிரிக்க முடியவில்லை. இங்கே ட்ரம் என்றால் தோல் ஊறப்போட்டுச் சுற்றும் பெரிய மர உருளை. இசைக்காரனிடம் ட்ரம் என்றால் தோலைக் கட்டி அடிப்பது. ஆனால் பதனிட்ட தோல் மேளத்துக்கு ஆகாது, தெரியுமா? ஆவாரம்பட்டையிலோ குரோமிலோ பதனிட்டால் தோல் மெத்தென்று ஆகிவிடும், அழுகாது, செருப்புக்கும் பைக்கும் நல்லது. மேளத்துக்கு வேண்டியது பச்சைத் தோல். மயிர் நீக்கி, இழுத்துக் காய வைத்தால் விறைத்துக்கொண்டு நிற்கும், தட்டினால் பேசும். பறையை நெருப்பில் காட்டுவது ஈரத்தைப் போக்கி அந்த விறைப்பை மீட்கத்தான்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால், அதன் அடிப்படை அதிர்வெண்ணுக்கு அடுத்தது 1.59 மடங்கு, அதற்கடுத்தது 2.14 மடங்கு என்று ஒன்றோடு ஒன்று சேராமல் வரும். அதனால் மேளத்தில் பொதுவாகச் சுருதி சேர்க்க முடியாது. மிருதங்கத்தில் மட்டும் எப்படி முடிகிறது? வலந்தலையின் நடுவில் பூசுகிற அந்தக் கறுப்பு வட்டம். சோறும் கிட்டக்கல் பொடியும் சேர்த்து, ஒவ்வொரு பூச்சாகப் பூசித் தேய்த்துக் கட்டுவார்கள். அது ஏறினதும் மேலதிர்வுகள் 2, 3, 4, 5 மடங்கு என்று ஒழுங்குக்கு வந்துவிடும், வீணைக் கம்பி மாதிரி. இதை முதலில் விளக்கியவர் நம்ம சர் சி.வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார், 1934-இல் விரிவாக எழுதினார். ராமன் விளக்கினார், சரி. கண்டுபிடித்தது யார்? ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் எருமை வாரும் கையில் எடுத்து, காதால் கேட்டுக் கேட்டுப் பூசிய தொழிலாளி. அவர் பெயர் எந்த மேடையிலும் சொல்லப்படுவதில்லை. டி.எம். கிருஷ்ணா 2020-இல் அவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார், 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'. தோலைத் தொடுகிறவன் என்பதால் கூடத்துக்குள் விடாமல், அவன் செய்த வாத்தியத்தை மட்டும் மேடையில் பட்டு விரித்து வைத்த சமூகம் நம்முடையது. தோல் பகுதியில் பிறந்த நாம் இதைக் கூச்சப்படாமல் பேசலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது என் யோசனை. ட்யூடரிடமே திரும்பப் போகிறேன். 1968-இல் அவர் 'ரெயின்ஃபாரஸ்ட்' என்று ஒன்று செய்தார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை எடுத்துவிட்டு, அதிர்கிற பாகத்தை மட்டும் ஏதாவது ஒரு பொருளின்மேல் ஒட்டினால், அந்தப் பொருளே ஸ்பீக்கராகிவிடும். பீப்பாய் ஒரு மாதிரிப் பேசும், தகரம் ஒரு மாதிரிப் பேசும். 1973-இல் நியூ ஹாம்ப்ஷயரில் சொகோருவா என்ற சின்ன ஊரில் ஒரு கோடைப் பட்டறை. இளைஞர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். ஆளுக்கொரு பொருளைத் தேடிக் கொண்டுவந்து, உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒலி அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்கள் நடுவில் நடந்து, காதை வைத்துக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளே அப்புறம் ஒரு குழுவாகி வருஷக்கணக்கில் உலகம் சுற்றினார்கள்.

நம் கல்லூரி அரங்கத்தை அந்த மாதிரி மூன்று வாரம் கொடுங்கள். நாலு இசைக்கலைஞர்களைக் கூப்பிட்டுத் தங்க வைப்போம். ஒரு வயலின், ஒரு நாதஸ்வரம் அல்லது புல்லாங்குழல், ஒரு பம்பை, கணினியில் ஒலி செய்யத் தெரிந்த ஒருவர். நம்ம பிள்ளைங்க பொருளைக் கொண்டு வரட்டும். தறிப் பன்னை, தீப்பெட்டி ஆபீஸ் மரச்சட்டம், பித்தளை அண்டா, காய்ந்த பச்சைத் தோல். ஒலியைப் பிடிக்கும் பீசோ தகடு பத்து டீக் காசுக்கு மேல் ஆகாது. பொருளை அதிர வைக்கும் கருவி, ஆம்பூர் பிரியாணி நாலு பிளேட் விலைக்குள் கிடைக்கும். மென்பொருளுக்குக் காசே வேண்டாம். 'ஆடாசிட்டி' இலவசம், மில்லர் பக்கெட் 1990-களில் எழுதிய 'பியூர் டேட்டா' இலவசம். அகமதாபாத்தில் ஒரு அறை நிறைய நின்ற கருவியின் வேலையை உங்கள் கையில் இருக்கிற மடிக்கணினி செய்யும். பிறகு இரண்டு நிபந்தனை. மேளம் கட்டுகிற தொழிலாளி ஒருவர் இந்த மூன்று வாரமும் ஆசிரியராக வர வேண்டும், மற்ற கலைஞர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளம் அவருக்கும். அழைப்பிதழில் அவர் பெயர் அதே அளவு எழுத்தில். இரண்டாவது, செய்கிற ஒவ்வொரு பதிவும் பெயர், தேதி, இடம் எழுதி மூன்று பிரதி எடுத்து, ஒன்று நூலகத்தில், ஒன்று இயற்பியல் துறையில், ஒன்று வெளியூரில் ஒரு முன்னாள் மாணவர் வீட்டில் இருக்க வேண்டும்.

"இதெல்லாம் பணக்கார ஊர் விளையாட்டு" என்று ஒரு நண்பர் டீ குடிக்கும்போது சொன்னார். நியாயமான கேள்விதான். அகமதாபாத்தில் பின்னால் ஆலைப் பணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கர்நாடக சங்கீதத்தில் இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த மின்னணுக் கருவி சுருதிப்பெட்டி. 1970-களின் கடைசியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர், தன் தேவைக்குச் செய்ய ஆரம்பித்தது. கூட தம்பூரா போட ஆள் இல்லாத ஊருக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. இன்னொரு நண்பர், "யார் நம்ம ஊருக்கு வந்து தங்குவாங்க?" என்றார். 1954-இல் முதலமைச்சராக இருந்த காமராஜரே இடைத்தேர்தலுக்கு நம்ம தொகுதிக்கு வந்தாரய்யா! கூப்பிட்டால் வருவார்கள். தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் பியானோ கலைஞர், 2014-இலிருந்து ஹார்வர்டில் பேராசிரியர். வயலின் நால்வர் குழு, பியானோ, மின்னணு ஒலி மூன்றையும் சேர்த்து 'மியூட்டேஷன்ஸ்' என்று 2014-இல் தொகுப்பு வெளியிட்டார். அவர் படித்தது முதலில் இயற்பியலும் கணிதமும். அவரே வருவார் என்று சொல்லவில்லை. இந்த வழியில் போகிற நம்ம பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், ஒரு கடிதம் போட என்ன செலவு?

எனக்கு அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் கைலி நெய்தவர். குழித்தறி. எங்கள் தெருவில் காலையில் கண் விழிப்பதே அந்தச் சத்தத்தில்தான். மிதியடியை மிதித்தால் ஒரு சத்தம், நாடா ஓடினால் ஒரு சத்தம், பன்னை அடித்தால் ஒரு சத்தம். வீட்டுக்கு வீடு வேகம் வேறு. கண்ணை மூடிக்கொண்டே இது யார் வீட்டுத் தறி என்று சொல்லுவோம். போன மாதம் அந்தத் தெருவில் கடைசி வரை நடந்தேன். இரண்டு வீட்டில்தான் தறி கேட்டது. மற்றது விசைத்தறி, இல்லாவிட்டால் டி.வி. அந்த இரண்டு வீட்டிலும் நெய்கிறவர்கள் என்னைவிட மூத்தவர்கள். நுழைவு வளைவை அடுத்த வருஷமும் கட்டலாம், அதற்கடுத்த வருஷமும் கட்டலாம்.

செயற்குழு முடிவெடுக்கிறவரைக்கும் நான் சும்மா இருக்கப்போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ரெக்கார்டரோடு அந்தத் தெருவுக்குப் போகிறேன். இரண்டு வீட்டிலும் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். மூத்தவர், "இதை எடுத்து இன்னா பண்ணப் போறே?" என்று சிரித்தார், ஆனால் டீ வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஹெட்போன் மூன்று இருக்கிறது. கூட வர விருப்பமுள்ள மாணவ மாணவியர் இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயற்பியல் துறை வராந்தாவில் என்னைப் பார்த்துப் பெயர் கொடுங்கள். செருப்புச் சத்தம் வராத மாதிரி வரவேண்டும், அவ்வளவுதான்.